சத்தத்துக்காக உடைத்த பல்புகள்

எரிகிற பல்பை உடைக்கச் சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள். என் பசிக்குச் சோறு போட்டவர்கள். இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்வது அதை நினைத்துத்தான். கெட்டவர்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மோட்டார்த் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவர்கள்தான் வந்து கேட்டது. முன்விளக்குப் பல்பு எத்தனை நாள் வரும், மாற்றுப் பல்பை எதைப் பார்த்து எடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் எப்படி, அதை எழுதுங்கள் போதும் என்றார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு வரி எழுதி ஒரு வாய் வெற்றிலை போடுவேன், பிறகுதான் அடுத்த வரி. அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லி ஒத்துக்கொண்டேன். இந்த வட்டாரத்தில் மோட்டார் விளக்குக்கென்றே சம்பளம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான். அதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

என் வீட்டுக்காரர் மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். கல்யாணமான மறு மழைக்காலத்திலேயே மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. நான் கீழே இறங்கிப் போடிக்கு வந்தேன். அண்ணன் வீட்டில் இருக்க இடம் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. செல்லையா முதலாளியின் ஏலக்காய் மண்டியில் போய் வேலை கேட்டேன். "எம் மண்டியில தாலி அறுத்தவ, கட்டுனவன்னு பாக்கறதில்ல. கண்ணு நல்லாருக்கா, கை சுத்தமா இருக்கா, அதான் எனக்கு வேணும்" என்றார். அந்தச் சொல்லை வெகுகாலம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

காய் பொறுக்குவதில் கண்தான் எல்லாம். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். மண்டிக்குள் பகலிலும் இருட்டு. அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டுதான் பொறுக்க வேண்டும். விளக்கு சிவப்பாக எரிந்தால் நல்ல காயும் பழுப்பாகத் தெரியும். அதனால் நான் முதலில் விளக்கைப் பார்ப்பேன். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியை மட்டமாக நறுக்கி வைத்துவிட்டுத்தான் முறத்தைத் தொடுவேன். அதைக் கவனித்துத்தான் முதலாளி மண்டி விளக்கு முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். பிறகு மோட்டார் வந்ததும் அதன் விளக்கும் எனக்கு வந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மோட்டார் மதுரையில் யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தல் வரைக்கும்தான் அப்போது வண்டி போகிற பாதை. அதற்கு மேலே போடிமெட்டு ஏறுவதற்குக் கழுதைக்கும் மனிதருக்கும் கால்தான். மலையிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் ஆட்களையும் முந்தலில் ஏற்றிக்கொண்டு வருவது அந்த வண்டியின் சோலி.

அதை ஓட்ட உத்தமபாளையத்துப் பக்கமிருந்து ஒரு ராவுத்தர் வந்தார். எனக்கு மேலாள் அவர்தான். பல்பைத் தொடும் முன் கையைக் கழுவி, தோளில் கிடக்கும் துண்டில் துடைத்து, அந்தக் கையைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். எதையாவது கேட்டால் உடனே பதில் வராது, மறுநாள்தான் வரும். கேட்ட நாமே மறந்திருப்போம். அவர் வந்து, "நேத்துக் கேட்டியே தங்கச்சி" என்று தொடங்குவார்.

வந்த புதிதில், வண்டி மெதுவாகப் போனால் விளக்கு ஏன் மங்குகிறது என்று கேட்டேன். மறுநாள் வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார். விளக்கு சாணி உருண்டைக்குள் தணல் போலச் செம்மையாக இருந்தது. "இப்பப் பாரு" என்று இஞ்சினை முறுக்கினார். சுவர் முழுவதும் வெள்ளையாக எரிந்தது. நான் "ஆத்தாடி" என்று முறத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"ஓடாத, ஓடாத. இதுக்கு இஞ்சின்தான் சோறு. இஞ்சின் ஓடுற ஓட்டத்துக்குத் தக்கனதான் கெடைக்கும். மெதுவாப் போனாப் பட்டினி. முறுக்குனா வயிறு முட்டத் திங்கும். ரொம்பத் தின்னா வெடிச்சுப் போகும்."

பல்பு எத்தனை நாள் வரும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். அந்த வண்டியில் அதற்கு நாள் கணக்குக் கிடையாது, ஓட்டுகிறவர் கைக் கணக்குத்தான். இன்றைய ஜீப்புக்குப் பேட்டரி இருக்கிறது, விளக்கு பட்டினி கிடக்காது. ஆனாலும் பல்புக்கு வயசாவது அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான். கண்ணாடியின் தலைப்பக்கம் புகை பிடித்தது போலக் கருக்கும். உள்ளே இருக்கும் நரம்பு தொய்யும். போய்விட்டதா என்று தெரியாவிட்டால் காதருகில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அறுந்த நரம்பு கிணுகிணுக்கும்.

அந்த வண்டியில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. இரண்டு விளக்கும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. ஒன்றுக்குள் போய்த்தான் மின்சாரம் மற்றதற்குப் போகும். அதனால் ஒன்று செத்தால் இரண்டும் இருட்டு. உயிரோடு இருக்கிற பல்பும் தன் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே பலத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கொழுத்தும் ஒன்று மெலிந்தும் எரியும், கொழுத்தது சீக்கிரம் சாகும். பெரிய பல்பு பெரிய வெளிச்சம் என்று முதலாளி ஒருமுறை மதுரையிலிருந்து கொழுக்கட்டை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். நாங்கள் சொல்லச் சொல்ல மாட்டச் சொன்னார். ராவுத்தர் இஞ்சினை முறுக்கியதும் பக்கத்து விளக்கில் இருந்த சின்னது கண் சிமிட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தது. "பெரிய எடத்துச் சம்பந்தம் மொதலாளி, சின்ன வீட்டுக்காரன் தாங்கல" என்றார் ராவுத்தர். முதலாளியே சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாற்றுப் பல்பு எடுப்பது என் வேலையாயிற்று. எனக்கு இங்கிலீசு தெரியாது. பல்பின் பலத்தைச் சொல்லுகிற, தலை பெருத்து வால் வளைந்த ஒன்பது எண் மட்டும் தெரியும். பல்பின் கழுத்தில் அது இருக்க வேண்டும். அடியில் ஈய மொட்டு இரண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மாட்டிப் பார்ப்பேன். ஒரே முறத்தில் பொறுக்கிய நல்ல பச்சைக் காய் இரண்டை எடுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் எதிரே ஒவ்வொன்றாகப் பிடிப்பேன். இரண்டு காயும் ஒரே பச்சையாகத் தெரிந்தால் அது சோடி. ஒரு காய் கொஞ்சம் பழுப்புத் தட்டித் தெரிந்தாலும் அந்தப் பக்கத்துப் பல்பு மெலிந்தது, வேறு மாற்ற வேண்டும். மனிதர் கண்ணை வெளிச்சம் ஏமாற்றிவிடும். காயை ஏமாற்றாது. மடியில் எப்போதும் காய் வைத்திருப்பேன்.

முதலாளிக்குத் தங்கம் என்று ஒரே மகள். அவள் கல்யாணத்தில்தான் வினை வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு மோட்டாரைப் பூவால் மூடி, விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் வாசலிலிருந்து கிளப்பினார்கள். ஊரே நின்று பார்த்தது. நாதசுரக்காரர் மூச்சு வாங்குவதற்குள் இரண்டு விளக்கும் பொட்டென்று அணைந்தன. ராவுத்தர் இறங்கி, செத்ததைக் கழற்றிப் புதுப் பல்பு ஒன்றை மாட்டினார். புதிதும் பழையதுமாக ஒன்று வெள்ளையாகவும் மற்றது சிவப்பாகவும் எரிந்தன. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், யார் என்று இன்றுவரை தெரியாது:

"சோடி செத்த வெளக்கப் போயி மாப்ள முன்னால ஏத்துறாகளே!"

அவ்வளவுதான். தெரு முழுவதும் வாயை மூடிக்கொண்டது. நாதசுரம்கூடத் தயங்கித்தான் எழுந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் முதலாளி நான் விளக்குப் பார்க்கிற கொட்டகைக்கு வந்தார்.

"பேச்சி, இனிமே சோடியில ஒண்ணு போச்சுன்னா மத்ததையும் ஒடச்சிரு. அறுத்த வெளக்கு நம்ம வண்டியில எரிய வேண்டாம்."

"மொதலாளி, அது நல்லாத்தான எரியுது. பாதி வயசுகூட ஆகல."

"எரியும். ஊரு வாயி இருக்கே."

"அப்ப எடுத்து ஒரு ஓரமா வச்சிருவோம்."

"வச்சா யாராச்சும் மாட்டிருவாக. மண்டி வாசப்படியில வச்சு ஒடச்சிரு. நாலு பேரு காதுல விழட்டும்." கொஞ்சம் நின்றார். பிறகு, குடிக்கத் தண்ணீர் கேட்பது போல அத்தனை தன்மையாகச் சொன்னார்: "நீயே செஞ்சிரு தாயி. கட்டுனவுக கையில இதச் செய்யச் சொல்ல முடியாது பாரு."

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். அறுத்தவ, கட்டுனவன்னு பாக்கறதில்ல என்று சொன்ன அதே வாய். என் கண்ணுக்காகவும் கைக்காகவும் கொடுத்த வேலை என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்த வேலைக்குள் இப்படி ஒன்று படுத்துக் கிடந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் முகத்தில் பொல்லாங்கு கொஞ்சமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கல்யாணத்தன்று சிவப்பாக எரிந்த அந்தப் பல்பைக் கொண்டுபோய் வாசல்படிக் கல்லில் வைத்து, ஒரு குழவியால் தட்டினேன். பட்டென்று துப்பாக்கி மாதிரி வெடித்தது. உள்ளே காற்று இல்லாத பல்பு அப்படித்தான் வெடிக்கும், எனக்கு அது தெரியாது. குழவியை எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளே காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் "அப்பாடா" என்று மூச்சு விட்டது கேட்டது.

அதற்குப் பிறகு பல்பு போகும்போதெல்லாம் மண்டிக்குள் கை நின்றுவிடும். சத்தம் கேட்ட பிறகுதான் முறம் அசையும். "என்ன பேச்சி, இன்னொண்ணு தாலியறுத்துருச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆமாடி, ஒன் வாயி மட்டும் நூறு வருசம் சுமங்கலியா இருக்கட்டும்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன்.

உண்மையில் உயிருள்ளதை நான் உடைத்தது அந்த ஒரு முறைதான். அன்று உடைக்கும் முன் ராவுத்தரிடம் போய், "அண்ணே, நல்ல பல்ப ஒடைக்கச் சொல்றாகளே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தேன். வழக்கம் போலப் பேசாமல் போய்விட்டார். மறுநாள் செத்த பல்பைக் கையில் கொண்டுவந்து, "நேத்துக் கேட்டியே தங்கச்சி. இதப் போட்டு ஒடச்சுப் பாரு" என்றார். உடைத்தேன். அதே வெடி. செத்த பல்புக்கும் உயிருள்ள பல்புக்கும் சத்தம் ஒன்றேதான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். சிரித்தாரா, கோபமா, தெரியாது.

அன்று முதல் வாசல்படியில் உடைந்ததெல்லாம் செத்தவைதான். உயிருள்ளதை ஒரு தகர டப்பாவில் ஏலத்தொலியைப் பஞ்சு போலப் பரப்பி, அதற்குள் வைத்தேன். கூட்டம் சேர்ந்ததும் காயைப் பிடித்துப் பார்த்து, ஒரே வயசுள்ள இரண்டைச் சோடி சேர்த்து மாட்டுவேன். "இன்னைக்கு யாருக்கும் யாருக்கும் அறுத்துக் கட்டுறது?" என்று மறுகல்யாணம் பேசுவது போல ராவுத்தர் கேட்பார். வயசு ஒத்துப்போனால் அந்தச் சோடி புதுச் சோடிக்குக் குறையாமல் உழைக்கும். தொழிலில் இருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்த அத்தனை பேரும் அந்த வெளிச்சத்தில்தான் முந்தலுக்குப் போய் வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தங்கத்தை மலைமேல் தோட்டம் வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஐப்பசி அடைமழையில் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டோலியில் வைத்து இறக்குகிறோம், முந்தலுக்கு வண்டி வர வேண்டும், போடி ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள் என்று ஓடிவந்து ஓர் ஆள் சொன்னான். முதலாளி செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறினார். "பொம்பள ஆளு ஒண்ணு வேணும்" என்று ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் பழஞ்சேலைகளையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

பொழுது சாய்கிற நேரம். வழியில் ஓடை மண்ணைப் புரட்டிக்கொண்டு வந்தது. வண்டி நடுவில் மணலில் சிக்கிக்கொண்டது. ராவுத்தருக்கு வேறு வழியில்லை, முறுக்கினார். விளக்கு இரண்டும் பகல் மாதிரி வெளுத்து, டக்கென்று அணைந்தன. வண்டி கரையேறிவிட்டது. மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி முந்தல் போய்ச் சேர்ந்தோம்.

டோலி வந்திருந்தது. தூக்கி வந்தவர்கள் மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "யக்கா" என்று என் கையைப் பிடித்தாள், விடவில்லை. அவளைப் பின் சீட்டில் ஏற்றிப் படுக்க வைப்பதற்குள் மேகம் இறங்கி நன்றாக இருட்டிவிட்டது. ஓடை ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் வண்டி தாண்டாது, விடிகிற வரை இந்தக் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அதுவரை அவள் தாங்க மாட்டாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

மதுரையிலிருந்து வர வேண்டிய புதுப் பல்பு மழையால் வரவில்லை. இருந்தது என் டப்பா ஒன்றுதான். முதலாளி முன்னால் அதைத் திறக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற மகள் முன்னால், அறுத்த விளக்கு. கத்துவார், என்னை அங்கேயே இறக்கிவிடுவார், போகட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எத்தன வச்சிருக்க?"

நான் டப்பாவை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினேன்.

"நல்ல சோடியாப் பாத்து எடு, வெரசா."

"மொதலாளி, இது... நீங்க ஒடைக்கச் சொன்னது..."

"தெரியும் பேச்சி. மொத நாளு ஒடச்சது வெள்ளக் கண்ணாடி. அதுக்கப்புறம் படியில கெடந்ததெல்லாம் கருத்த கண்ணாடி. எனக்குக் கண்ணு இல்லையா?"

மழையில் நின்றபடி நான் கேட்டேன். கேட்கிற நேரமா அது, ஆனாலும் கேட்டேன். "தெரிஞ்சுமா என்னய ஒடைக்க விட்டீக?"

"ஊருக்குச் சத்தம் வேணும்ல தாயி" என்றார்.

முந்தலில் இடி விழுந்து பார்த்திருக்கிறேன். அது இப்படி இறங்கவில்லை. குழவியைத் தூக்கிக்கொண்டு நான் வாசல்படிக்குப் போனபோதெல்லாம், உள்ளேயிருந்து அந்தக் கேலி கிளம்பியபோதெல்லாம், இவர் அது வெறும் சத்தம் என்று தெரிந்தே திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தங்கச்சி" என்று ராவுத்தர் கூப்பிட்டார். "அத அப்புறம் பேசுவோம். கொண்டா."

இரண்டை மாட்டினோம். இஞ்சினைக் கிளப்பினார். நான் மடியிலிருந்து காயை எடுத்து ஒவ்வொரு விளக்குக்கும் எதிரே பிடித்தேன். இடப்பக்கம் பழுப்பு.

"எதுவா இருந்தா என்ன, எரியுதுல்ல, எடு வண்டிய!" என்று முதலாளி கத்தினார்.

"பொறுங்க" என்றேன். அவரை நான் அப்படி அதட்டியது அதுதான் முதல் முறை. பொருந்தாத சோடி ஓடைக்கு நடுவில் போய் வெடிக்கும். அப்புறம் தண்ணீருக்குள் இருட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கத்தைக் கழற்றி வேறொன்றைப் போட்டேன். அதுவும் பழுப்பு. உள்ளே தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. மூன்றாவதைப் போட்டேன். மழைத்துளி உருளுகிற இரண்டு காயும் ஒரே பச்சையாக நின்றன. "போகலாம்ண்ணே" என்றேன்.

ராவுத்தர் அன்று ஓட்டியது போல வேறு யாரும் ஓட்டி நான் பார்க்கவில்லை. இஞ்சின் ஒரே சுருதியில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓடைக்குள் இறங்கும்போது வெளிச்சம் தண்ணீர் மேல் தவழ்ந்து அக்கரைக் கல்லைத் தொட்டது. தங்கத்தின் தலை என் மடியில் கிடந்தது. முதலாளி எங்கள் காலடியில் குந்தியிருந்தார். வெளிச்சம் மூங்கில் புதரில் பட்டு வண்டிக்குள் திரும்பி அடித்தது. அவர் தோள் துண்டை எடுத்து மகள் கண்ணை மூடினார்.

"என்னப்பா?" என்றாள்.

"தூத்தல் அடிக்குது தாயி."

மேலே கூடாரத் துணி இருந்தது. தூறல் உள்ளே வரவில்லை. அவர் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கருத்த கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடித்தவர், ஊருக்கான சத்தம் என்று சற்றுமுன் சொன்னவர், அந்த வெளிச்சம் மகள் கண்ணில் படக் கூடாது என்று போராடிக்கொண்டிருக்கிறார். தெரியாமல் பயப்படுகிறவரைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தே இத்தனை பயப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"மூச்சு முட்டுதுப்பா, எடுங்க" என்றாள். அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தங்கம் கண்ணைத் திறந்து, நனைந்து மின்னுகிற மூங்கிலைப் பார்த்தாள். "யக்கா, வெளிச்சம் எம்புட்டுத் தூரம் போகுது?"

"ஊரு வரைக்கும் போகும், கண்ணு" என்றேன்.

போனது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின.

அதற்கு அப்புறம் நடந்ததை எழுதத்தான் நான் உட்கார்ந்ததே. முதலாளி ஊரெல்லாம் ராவுத்தரைப் புகழ்ந்தார், என்னையும் புகழ்ந்தார். பல்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தை பிறக்கிற சமயம் சோடியில் ஒன்று போயிற்று. மண்டிக்குள் முறங்கள் நின்றன. நான் செத்ததையும் உயிருள்ளதையும் கொண்டுபோய் வாசல்படிக் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குழவியைக் கொண்டுபோகவில்லை.

வெகுநேரம் சத்தம் கேட்காமல் முதலாளி எழுந்து வந்தார். பின்னாலேயே கணக்கப்பிள்ளை, பொறுக்குகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள்.

"என்ன பேச்சி, ஒடைக்கலயா?"

"இல்ல மொதலாளி. உசுரோட இருக்கறதயும் ஒடைக்க மாட்டேன், செத்ததயும் ஒடைக்க மாட்டேன். நிறுத்துறதுன்னா வேலைய விட்டு நிறுத்திருங்க."

வேலை போனால் அண்ணன் வீட்டு மூலைதான். அது தெரிந்துதான் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. வழி தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார்:

"அப்ப யாரு ஒடைப்பா?"

சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை காதில் இருந்த பேனாவைத் தேட ஆரம்பித்தார். பெண்களைப் பார்த்தார். கேலி பேசுகிறவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "என்னைய ஏன் பாக்குறீக மொதலாளி, நான் நாலு பிள்ளைக்காரி" என்றாள். மூட்டை தூக்குகிறவன், "எம் பொண்டாட்டி மாசமா இருக்கா" என்று பின்னால் நகர்ந்தான். கடைசியில் முதலாளி தன் வலது கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் படியில் நின்றேன். வேலை போகவில்லை என்ற நிம்மதி எனக்கு வரவேயில்லை. கோயில் வாசல் கூட்டம், தெருவை வாய்மூட வைத்த அந்தக் குரல், தெரிந்தே துண்டைப் பிடித்த முதலாளி, இத்தனையும் இவ்வளவு காலமும் என் ஒரு கையில்தான் நின்றுகொண்டிருந்ததா?

பொழுது இறங்கும் வரை இரண்டு பல்பும் படியில் கிடந்தன. வருகிறவர் போகிறவர் சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்கள். சாயங்காலம் உயிருள்ளதை எடுத்து, டப்பாவிலிருந்து ஒன்றைச் சோடி பார்த்து, எல்லோர் கண் முன்னாலும் மாட்டினேன். ராவுத்தர் கைப்பிடியைச் சுற்றினார். முந்தல் போகிற ஆட்கள் வண்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். பிறகு மூட்டையை உள்ளே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே" என்று ராவுத்தரிடம் கேட்டேன். "மொத நாளே நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமா?"

வழக்கம் போல ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்கு வந்தார். கையைக் கழுவினார், துடைத்தார், திருப்பிப் பார்த்தார்.

"நேத்துக் கேட்டியே தங்கச்சி" என்றார். "அத நெனச்சு எனக்கும் தூக்கமே வரல. செத்தத ஒடைன்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்தவன் நாந்தான."